அம்மன் காலடியில் என் பாஸ்போர்ட்

பயப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு பஞ்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. வாசலில் தொப்பி போட்டு நிற்கும் செக்யூரிட்டி இல்லை (கல்யாண வீடுகளில் இதை விளக்கியே எனக்குப் பாதி முடி கொட்டியது). எந்த இயந்திரத்தில் யார் விரல் மாட்டும், எந்தக் குடோனில் எப்போது தீப்பிடிக்கும் என்று முன்கூட்டியே கவலைப்படுகிற உத்தியோகம். இருபத்தாறு வருடம் கவலைப்பட்டதில், எந்த இடத்துக்குள் நுழைந்தாலும் வெளியே ஓடுகிற வழி எது என்றுதான் என் கண் முதலில் தேடும். எங்கள் கல்யாண மண்டபத்திலேயே தேடியது என்று என் மனைவி சொல்வாள்.

இப்படிப்பட்டவன் ஐம்பத்திரண்டு வயதில் முதன்முதலாக வெளிநாடு போனான்.

வெளிநாடு என்றால் ஏதோ லண்டன், பாரிஸ் என்று நினைக்க வேண்டாம். கண்டிக்குப் பக்கத்தில் ஹேவாஹெட்ட. என் மனைவி வளர்மதி அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் பிறந்தாள். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவள் அப்பா குடும்பத்தோடு கப்பலேறி கோத்தகிரிக்கு வந்துவிட்டார். பெரியப்பா குடும்பம் அங்கேயே தங்கிவிட்டது. அந்தப் பெரியப்பா மகள் ஈஸ்வரி அக்காவை வளர்மதி மறுபடி பார்த்ததே வாட்ஸப் வந்த பிறகுதான். அக்காவின் மகனுக்குக் கல்யாணம் என்றதும் என் மனைவி ஒரே பிடியாக நின்றாள்.

"தாலி கட்டும்போது பொண்ணு உடுத்துற கூறைச் சேலை நாந்தான் எடுப்பேன். சித்தின்னு ஒருத்தி உசுரோட இருக்கான்னு அந்தத் தோட்டத்துக்குத் தெரியணும்."

காஞ்சிபுரத்தில் பதினோரு கடை ஏறி இறங்கி ஓர் அரக்குச் சிவப்புப் பட்டு எடுத்தாள். பன்னிரண்டாவது கடைக்கு நான் வரவில்லை என்று ரோட்டில் உட்கார்ந்துவிட்டதால் பதினொன்றோடு நின்றது.

நானும் சும்மா இருக்கவில்லை. வெளிநாட்டில் பத்திரமாக இருப்பது எப்படி என்று மூன்று மாதம் வீடியோ பார்த்தேன். பார்த்ததையெல்லாம் பன்னிரண்டு விதிகளாகச் சுருக்கி, தட்டச்சு செய்து, லேமினேட் போட்டு, ஆளுக்கொன்று கொடுத்தேன். (இருப்பது இரண்டு பேர். ஆனாலும் நாலு பிரதி. தொலைந்தால்?) அறிமுகம் இல்லாதவரிடம் பெயரைச் சொல்லாதே. போகும் இடத்தைச் சொல்லாதே. கொடுப்பதைத் தின்னாதே. எல்லாவற்றுக்கும் மேலாக விதி ஏழு: விலைமதிப்பற்ற பொருள் எங்கே இருக்கிறது என்பது ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும்.

வளர்மதி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "நான் பொறந்த ஊருக்கு நான் போறதுக்கு எனக்கே நோட்டீஸா?" என்று கேட்டுவிட்டு அதை விசிறியாக வைத்துக்கொண்டாள்.

கொழும்பிலிருந்து கண்டி போகும் ரயிலிலேயே விதிகளுக்குச் சோதனை வந்தது. எதிரில் ஒரு பெரியவர். திகனயில் துணிக்கடை வைத்திருக்கிறாராம். தொப்பி, வெள்ளைத் தாடி, மடியில் ஒரு பொட்டலம் நிறைய வடை. முதல் வடையை என்னிடம் நீட்டினார். வயிறு சரியில்லை என்றேன். வளர்மதி இரண்டு எடுத்துக்கொண்டாள்.

"எங்க போறீங்க தம்பி?" என்றார்.

போகும் இடத்தைச் சொல்லக்கூடாது. மூளையில் இருந்த இலங்கை வரைபடத்தில் கைக்குக் கிடைத்த ஊரைச் சொன்னேன். "குருநாகல்."

பெரியவர் வடையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "அல்லாவே! இது கண்டி ரயில், கண்டிக் கோச்சி தம்பி! நீங்க பொல்கஹவெலயில எறங்கி வேற கோச்சி புடிக்கணும். இந்தா வருதே, இதுதான். எழும்புங்க, எழும்புங்க!"

ரயில் நிற்பதற்குள் எங்கள் பெரிய பெட்டியைத் தூக்கி வாசல் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். அந்த வயதில் அப்படி ஒரு பலம். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டாவது பெட்டியைத் தூக்கினார். இறங்க மாட்டேன் என்று நான் ஒரு பக்கம் இழுக்க, வெட்கப்படாமல் இறங்குங்கள் என்று அவர்கள் மறுபக்கம் இழுக்க, கடைசியில் வளர்மதிதான் சொன்னாள்: "ஐயா, நாங்க கண்டிக்குத்தான் போறோம். இவருக்குக் கொஞ்சம் பயம்."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. மருந்துக் கடைக்காரர் நோயாளியைப் பார்க்கிற பார்வை. "அப்ப வயித்துக்கு ஒண்டும் இல்ல, சாப்புடுங்க" என்று வடையை என் கையில் திணித்தார். அதன் பிறகு கண்டி வரும்வரை வளர்மதி அவரிடம் எங்கள் ஊர், தெரு, என் சம்பளம், என் மூலநோய் உட்பட அனைத்தையும் சொல்லி முடித்தாள்.

அன்று கண்டியில் ஒரு விடுதியில் தங்கினோம். காலையில் ஈஸ்வரி அக்காவின் கணவர் வந்து தோட்டத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. அதற்கு மறுநாள் கல்யாணம், தாலி கட்டியதும் கிளம்பி அன்று இரவே விமானம். ஆக, எனக்கு இருந்தது ஒரே கவலை: அந்த இரண்டு பாஸ்போர்ட். விடுதியில் விட்டுப் போகக்கூடாது. இடுப்புப் பையில் வைத்தால் வியர்வையில் ஊறுகிறது. சட்டைப் பையில் வைத்தால் பஸ் நெரிசலில் போய்விடும். காலையில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு அந்த யோசனை உதித்தது. பிரஷ்ஷை வாயில் வைத்தபடியே சிரித்தேன். அவ்வளவு அழகான யோசனை.

கூறைச் சேலைப் பெட்டி!

வளர்மதி தாலியைக் கூடக் கழற்றிக் கொடுப்பாள், அந்தச் சேலைப் பெட்டியைக் கொடுக்க மாட்டாள். விமானத்தில் மடியில். ரயிலில் மடியில். தூங்கும்போது தலைமாட்டில். அவள் தலைக்குக் குளிக்கப் போன நேரத்தில் ரிப்பனை அவிழ்த்து, மூன்றாம் மடிப்புக்கும் நாலாம் மடிப்புக்கும் நடுவில் இரண்டு பாஸ்போர்ட்டையும் சொருகி, பழையபடி கட்டி வைத்தேன். விதி ஏழின்படி அவளிடம் சொல்லவில்லை.

சகலை வந்தார். பெயர் சிவலிங்கம். ஆறடி உயரம், வெற்றிலைச் சிவப்பு, பத்துப் பேருக்குக் கேட்கும் குரல். பஸ்ஸில் ஏறியதும் அந்தக் குரலால் நடத்துனருக்கும், முன் இருக்கைக்கும், பின் இருக்கைக்கும் சிங்களத்தில் எங்களை அறிமுகப்படுத்தினார். எனக்குப் புரிந்தவை மூன்றே சொற்கள்: இந்தியா, பாஸ்போட், நாளைக்கு இரவு விமானம் என்பதற்கு அவர் கையால் காட்டிய விமானம்.

"சகல, கொஞ்சம் மெதுவா" என்றேன்.

"ஏன் சகல? பஸ்சு மெதுவாத்தானே போகுது" என்றார்.

பஸ் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. ஒரு பெண் குழந்தைக்கு என்னை விரலால் காட்டினாள். நான் வளர்மதியின் மடியைப் பார்த்துக்கொண்டேன். சேலைப் பெட்டி அங்கே இருந்தது. திருடர்களே, வாருங்கள் என்று மனதுக்குள் சவால் விட்டேன்.

தோட்டத்தில் இறங்கியதும் மழை தூறியது. ஈஸ்வரி அக்கா ஓடி வந்து வளர்மதியைக் கட்டிக்கொண்டு அழ, இவளும் அழ, நான் கால் நமைக்கிறதே என்று குனிந்து பார்த்தேன். கணுக்காலில் கறுப்பாக, கொழுகொழுவென்று ஓர் அட்டை. பக்கத்தில் அதன் தம்பி. நான் போட்ட கூச்சலில் அழுகை நின்றுவிட்டது.

"அட்டைதானே தம்பி, குடிச்சது போதும்னா அதுவே விழுந்துரும்" என்றார் அக்கா.

அது போதும் என்று எப்போது நினைக்கும் என்று நான் காத்திருக்கத் தயாராக இல்லை. சகலை என்னைப் பீலிக்கு, அதாவது மலைத்தண்ணீர் விழும் குழாய்க்கு, அழைத்துப் போய் உப்பும் சுண்ணாம்பும் தேய்த்தார். பிறகு நான் லயத்து வாசலில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு அங்கே லயம் என்று பேர்) ஒரு நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்து உட்கார்ந்து, பால் இல்லாத பிளேன்டி குடித்தேன். எங்கோ தப்பு மேளம் அடிக்கிற சத்தம் கேட்டது. குலவை கேட்டது. நல்ல ஊர், எப்போதும் ஏதோ விசேஷம் நடக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தேன்.

வளர்மதி திரும்பி வந்தாள். முகம் முழுக்கப் பெருமை. கை இரண்டும் காலி.

"மதி, சேலைப் பெட்டி?"

"கோயிலுக்குப் போயிருச்சுங்க. தப்படிச்சு ஊர்வலமா எடுத்துட்டுப் போனாங்களே, கேக்கலையா? சித்தி எடுத்த சேலை, சித்தி எடுத்த சேலைன்னு எல்லாரும் தொட்டுத் தொட்டுப் பாத்தாங்க!"

பிளேன்டி மூக்கு வழியாக வந்தது.

சகலை முதுகில் தட்டியபடியே விளக்கினார். "நம்ம தோட்டத்து வழக்கம் சகல. கூறைய மொத நாளே மாரியம்மன் காலடியில வச்சிருவோம். பொண்ணோட அப்பாதான் கோயில் தலைவரு. கதவப் பூட்டிச் சாவிய இடுப்புல சொருகிக்குவாரு. பொறவு முகூர்த்தத்துக்குத்தான் எடுக்கிறது. நடுவுல அந்த ஆத்தாளே வந்து கேட்டாலும் குடுக்க மாட்டாரு."

"விடியும்போது பூஜை எல்லாம் உண்டா?"

"இல்லாமயா? பாலாபிசேகம், மஞ்சத்தண்ணி அபிசேகம், எளனி... ஆத்தா குளுகுளுன்னு நனைஞ்சிருவா!"

ஆத்தா நனையட்டும். என் பாஸ்போர்ட்? மஞ்சள் தண்ணீரில் ஊறிய பாஸ்போர்ட்டை விமான நிலையத்தில் நீட்டுகிறேன். அதிகாரி பிழிந்து பார்க்கிறார். அப்புறம் தூதரகம், விசாரணை, மிச்ச வாழ்நாள் முழுக்க லயத்தில், அட்டைகளோடு.

அப்போதே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வளர்மதியைப் பார்த்தேன். நாலு வயதில் விட்டுப்போன ஊர் அவளைச் சித்தி என்று கூப்பிட ஆரம்பித்து ஒரு மணி நேரம்தான் ஆகிறது. இப்போது போய், உன் சேலைக்குள் நான் சாமான் ஒளித்தேன், சம்பந்தி வீட்டில் சொல்லிப் பெட்டியை எடு என்றால்? வேண்டாம். யாருக்கும் தெரியாமல் நானே எடுத்துவிடுவேன். (என் வாழ்க்கையின் பெரிய விபத்துகள் அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்தில்தான் தொடங்கியிருக்கின்றன.)

பகல் சாப்பாடு முடிந்து எல்லோரும் பந்தல் போடுகிற மும்முரத்தில் இருந்தார்கள். நான் சாமி கும்பிடுகிற முகத்தோடு கோயிலுக்கு நடந்தேன். சின்னக் கோயில். கருவறைக்கு இரும்புக் கம்பிக் கதவு, அதில் பெரிய பூட்டு. உள்ளே, கதவுக்கு ஒரு முழம் தள்ளி ஒரு முக்காலி. அதன்மேல் தாம்பாளம். அதில் தேங்காய், வெற்றிலை, பூ, என் சேலைப் பெட்டி. கை எட்டும் தூரம்!

கவனியுங்கள். இருபத்தாறு வருடமாக என் ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் நான் எழுதி ஒட்டியிருப்பது: "கம்பித் தடுப்புக்குள் கையை விடாதீர்." நான் விட்டேன். தோள் வரைக்கும் விட்டேன். விரலால் ரிப்பனை இழுத்து, மூடியைத் தள்ளி, மடிப்புக்குள் துழாவி, அடடா, பிடித்துவிட்டேன். இரண்டும் ஒன்றாக வந்தன. கையை இழுத்தேன்.

வரவில்லை. வெறும் கை நுழைந்த இடைவெளி. இரண்டு பாஸ்போர்ட்டைக் கெட்டியாகப் பிடித்த கை வெளியே வர மறுத்தது. திருப்பினேன். சாய்த்தேன். மடக்கினேன். பிடியை விட்டுவிட்டு ஒவ்வொன்றாக எடுக்கலாம் என்று ஒரு குழந்தைக்குக்கூடத் தோன்றும். எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: வெளிநாட்டில் எந்த நிலையிலும் பாஸ்போர்ட்டைக் கைவிடாதே.

பின்னால் பேச்சுச் சத்தம் நின்றது. தலையை மட்டும் திருப்பினேன். கொழுந்து பறித்துவிட்டு வந்த மூன்று பெண்கள், முதுகில் பையோடு.

"யாருங்க நீங்க?" என்றாள் ஒருத்தி.

பெயரைச் சொல்லக்கூடாது. "சும்மா... சாமி கும்பிடுறேன்."

"கைய உள்ள விட்டா?"

"எங்க ஊர்ல இப்படித்தான்."

"அடியே, கூறைப் பெட்டி தொறந்து கெடக்குடி!" என்றாள் இரண்டாமவள். மூன்றாமவள் பேசவே இல்லை. நேராகப் போய்க் கோயில் மணியின் கயிற்றைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். தீ விபத்துக்கு எங்கள் ஆலையில் அடிக்கிற மணிக்கு இவ்வளவு வேகமாக ஒருவரும் வந்ததில்லை. இரண்டே நிமிடத்தில் தோட்டம் முழுக்க அங்கே இருந்தது. பந்தல் போட்டவர்கள் கையில் கயிறோடு. ஈஸ்வரி அக்கா கையில் கரண்டியோடு. வளர்மதி வெறும் கையோடு, ஆனால் அவள் கண்ணே போதும்.

வெளிநாட்டில் திருடர்களிடம் மாட்டிக்கொள்ளக்கூடாது என்றுதான் மூன்று மாதம் படித்தேன். மாட்டிய திருடன் நானாகவே இருப்பேன் என்று எந்த வீடியோவும் சொல்லவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவர் வந்தார். மெலிந்த மனிதர். வெள்ளை வேட்டி. இடுப்பில் சாவி. அவசரம் என்ற ஒன்றைக் கேள்விப்பட்டே இராத நடை.

"என்னா சம்பந்தி இது?" என்றார்.

இந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். அழுதிருக்கலாம். மயங்கி விழுந்திருக்கலாம் (கை மாட்டியிருந்ததால் விழ முடியாது, தொங்கலாம்). நான் செய்தது பொய். "சேலையில எங்கயாவது கிழிசல் இருக்கான்னு பார்க்க வந்தேனுங்க."

கூட்டம் ஓர் அடி முன்னால் வந்தது.

"கிழிசலா?" என்றார் தலைவர். "எம் மகளுக்குக் கிழிஞ்ச கூறையா?"

ஈஸ்வரி அக்கா கரண்டியோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பெண் வீட்டுப் பெண்கள் குசுகுசுவென்றார்கள். கிழிந்த கூறை அபசகுனம். அந்தக் கூறையைக் கொடுத்த மாப்பிள்ளை வீடு எப்படிப்பட்டது என்று ஒரு குரல் கேட்டது. நாளைக்குக் காலைக் கல்யாணம் என் உள்ளங்கையில் நொறுங்குவது எனக்கே தெரிந்தது.

"பதினோரு கடை!" என்றாள் வளர்மதி. "இழை இழையாப் பாத்து எடுத்த சேலை. அதுல கிழிசல்னு எப்புடிங்க சொல்ல வாய் வந்துச்சு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கூட்டத்தின் பக்கம் திரும்பாமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தக் கூட்டத்தைப் பார்க்க அவளுக்கு முகம் இல்லாமல் செய்துவிட்டேன்.

"கிழிசல் இல்லைங்க" என்று கத்தினேன். "சேலை நல்லா இருக்கு. நாந்தான் முட்டாள். பாஸ்போர்ட்டை அதுக்குள்ள ஒளிச்சு வச்சேன். அவளுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எடுக்க வந்தேன், கை மாட்டிக்கிச்சு!"

தலைவர் குனிந்து கம்பிக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"சம்பந்தி, கையில இருக்கிறத விடுங்க."

"பாஸ்போர்ட்டுங்க!"

"தெரியுது. விடுங்க."

விட்டேன். கை வெண்ணெய் போல வெளியே வந்தது. அந்தத் தோட்டம் சிரித்த சிரிப்பில் எதிர்மலையில் இருந்த நாய்கள் குரைத்தன. சகலை தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஈஸ்வரி அக்கா அழுகையும் சிரிப்புமாகக் கரண்டியால் நெற்றியில் தட்டிக்கொண்டார். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. பூட்டைத் திறந்து, சேலையை எடுத்து, கூட்டத்தின் முன்னால் மடிப்பு மடிப்பாகப் பிரித்துக் காட்டினார். மாலை வெயிலில் அந்த அரக்குச் சிவப்பு மின்னியது.

"ஒரு நூல் பிசகல. சித்தி எடுத்த சேலைன்னா சேலைதான்" என்றார்.

வளர்மதி அப்போதுதான் மூச்சு விட்டாள். நானும் மூச்சு விட்டு, கையை நீட்டினேன். "அப்ப அந்தப் பாஸ்போர்ட்..."

"அது வராது" என்றார் தலைவர். சேலையை மடித்து, இரண்டு பாஸ்போர்ட்டையும் அதன்மேல் அடுக்கி, மறுபடி தாம்பாளத்தில் வைத்தார். "கூறையோட அம்மன் காலடிக்குப் போன பொருள். நடுவுல எடுக்கக்கூடாது. நாளைக்கு ஆசீர்வாதம் முடிஞ்சு கூறையோடதான் எறங்கும்."

"ஐயா, அது இந்திய அரசாங்கத்தோட சொத்துங்க!"

"ஆத்தாளுக்கு எல்லா அரசாங்கமும் ஒன்னுதான்" என்று பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் சொருகினார். படி இறங்கும்போது திரும்பி, "அபிசேகத்துக்குத் தட்ட நகத்தி வச்சுருவோம், பயப்படாதீங்க" என்று சேர்த்துக்கொண்டார். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மறுநாள் காலை தாம்பாளம் சபையைச் சுற்றி வந்தது. தாலி, கூறை, தேங்காய், இரண்டு பாஸ்போர்ட். இருநூறு பேரும் தொட்டுக் கும்பிட்டு அட்சதை போட்டார்கள். அதோடு விட்டார்களா? பாதிப் பேர் பாஸ்போர்ட்டைத் திறந்து படித்தார்கள்.

"அம்பத்திரண்டா? பாத்தா அறுவது சொல்லலாம்."

"போட்டோவுலயும் பயந்துதான் இருக்காரு பாரேன்."

என் பெயர், பிறந்த தேதி, முகவரி என மூன்று மாதம் நான் காத்த ரகசியம் அனைத்தையும் பந்தியில் வாழை இலை போட்டவர்கூட மனப்பாடமாகச் சொன்னார். கடைசியில் மணப்பெண்ணே கூறையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை என் கையில் கொடுத்து, "சித்தப்பா, ஒங்க கூறை" என்றாள்.

விமானத்தைப் பிடித்தோம். வளர்மதி பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பேசினாள், கடைக்கு ஒரு நாள் வீதம் கணக்காம்.

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். சில மாதம் கழித்துச் சகலை ஒரு படம் அனுப்பினார். மாரியம்மன் காலடியில் தாம்பாளம், அதில் ஒரு பாஸ்போர்ட். தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறாளாம். முதல் நாள் பாஸ்போர்ட்டை அம்மன் காலடியில் வைத்து அட்சதை வாங்கிக்கொண்டு போனால் பத்திரமாகத் திரும்பலாம் என்று தோட்டம் முடிவு செய்துவிட்டது. "நீங்க பத்திரமாப் போய்ச் சேந்தீங்கள்ல சகல, அத வச்சுத்தான்" என்றார். இப்போது அது வழக்கமாகவே ஆகிவிட்டது. அதற்குப் பெயர் "கோயம்புத்தூர் சித்தப்பா பூசை". நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்துவிட்டேன், பெயரையாவது மாற்றுங்கள் என்று. தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை.

போன மாதம் கத்தாருக்குக் கிளம்பிய ஒரு பெண்ணை வீடியோவில் காட்டினார்கள். இரண்டு வருட ஒப்பந்தம். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போகிறாள். மூன்று நாள் பயணத்துக்கு நான் பட்ட பயத்தை நினைத்தால் எனக்கே கேவலமாக இருந்தது. பெரிய மனிதனாகக் குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னேன்: "பாஸ்போர்ட்டை எங்க வச்சிருக்கேன்னு நம்பிக்கையான ரெண்டு பேருகிட்ட கட்டாயம் சொல்லி வை தாயி. போட்டோ எடுத்து எனக்கும் ஒன்னு அனுப்பி வை."

"சரிங்க சித்தப்பா" என்றாள் பணிவாக. பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆனா யாருகிட்ட சொன்னாலும் ஒங்ககிட்ட மட்டும் சொல்லக்கூடாதுன்னு தலைவரு சொல்லிருக்காருங்க" என்றாள்.